மூச்சு நிற்கும் இடம்

என் இச்சாயனுக்கு,

ரத்த அழுத்தம் இறங்கினால்தான் முதுகில் ஊசி போட்டு வயிற்றைத் திறந்து குழந்தையை எடுப்பார்களாம். அரை மணி நேரம் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லி ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து வார்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைச் செய்யாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நர்ஸாக இதே வார்டில் எத்தனை பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! மாதா ஜெபத்தின் முன்பாதிக்கு மூச்சை இழு, பின்பாதிக்கு விடு. அந்தப் பின்பாதி 'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்றுதான் முடிகிறது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. அங்கே வந்ததும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

"வர்றவங்களை எல்லாம் விரட்டி விரட்டி மூச்சு விட வச்சீங்களே சேச்சி, இப்ப என்னாச்சு?" என்று என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் பின்ஸி சிரித்தாள். காரணத்தைச் சொன்னதும் அவள் சிரிப்பு போய்விட்டது. "ஜெபம் கிடக்கட்டும். இச்சாயன் பேரைச் சொல்லி இழுங்க, குழந்தை பேரைச் சொல்லி விடுங்க."

குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயர் நம் வழக்கப்படி உங்கள் அப்பாவுடையதோ அம்மாவுடையதோ, தானாக வந்துவிடும். வீட்டில் கூப்பிடும் பெயரை நீங்கள் குவைத்திலிருந்து வந்து வைப்பதாகத்தானே பேச்சு?

நானே ஒன்று வைத்துவிட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன். நேரில் வந்து கேட்டு, பிடிக்கவில்லை என்று சண்டை போடுங்கள். அந்தச் சண்டைக்கு நான் இருக்க வேண்டும், இச்சாயா.

உங்கள் மனைவி