எறிந்த கை

1952 ஜூலை 3

எனக்கு ஐம்பத்தேழு. இனி என்ன வேண்டும்? மட்டாஞ்சேரியில் ஓட்டு வீடு. இரண்டு பெண்களுக்கும் நிக்காஹ் முடிந்தது. இன்னும் மூன்று வருஷம் கூலிகளுக்கு வேலை கொடுக்கும் மூப்பன் வேலை பார்த்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுத் துறைமுகக் கடவுக்குப் போனேன். கப்பலில் சரக்கிறக்க நாற்பது பேர் போதும், நின்றவர்கள் இருநூறுக்கு மேல். நாற்பது சாப்பாவையும் கூட்டத்துக்குள் வாரி எறிந்தேன். வெறும் உலோகத் துண்டுதான். பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. ‘சாப்பா கிட்டினாத்தான் சாப்பாடு’ என்பார்கள் நம் தமிழ்க்காரர்கள். ஒருத்தன் இன்னொருத்தன் விரலைக் கடித்துப் பிடுங்கினான். நான் சிரித்தேன். எழுதும்போது ஏன் உறுத்துகிறது?

ஜூலை 4

சாவிக்கொத்தைப் பீவியிடம் எறிந்தேன். “கையில தந்தா என்னங்க? நான் என்ன கடவுல நிக்கிற ஆளா?” என்றாள். பொண்டாட்டியும் எதிர்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 19

ஒச்சப்பனும் நானும் ஒரே ரயிலில் பிழைக்க வந்தவர்கள். அவனுக்கும் என் வயசு. வலது கண் புரை விழுந்து போனது, இடது கண்தான் பார்வை. நாலு நாளாக அவனுக்குச் சாப்பா கிட்டவில்லை. இன்று எல்லோர் முன்னாலும் கை நீட்டினான். “மூப்பா, இந்த வயசுல மண்ணுல புரளணுமா? ஒண்ணு கையில தா.”

இவனுக்குக் கையில் தந்தால் நாளை இருநூறு கை நீளும். “இந்தாடா, பிடி!” என்று முகத்துக்கு நேரே எறிந்தேன். பிடித்துவிடுவான் என்று நினைத்து—

பொய் எழுதாதே, முகைதீன் பிச்சை. கோபத்தில்தானே எறிந்தாய்.

இடது கண்ணில் பட்டது. பொத்திக்கொண்டு விழுந்தான், விரலிடுக்கில் ரத்தம். அப்போதும் பத்துப் பேர் அவன்மேல் பாய்ந்தார்கள், அந்தத் துண்டுக்காக. யா அல்லாஹ்.

ஆகஸ்ட் 20

கண் போய்விட்டது.

செப்டம்பர் 11

இடது கையால் எழுதுகிறேன். கடவில் கூலியாட்கள் என்னைச் சுற்றி வளைத்தார்கள். எவன் முதலில் அடித்தான் என்று தெரியாது. சாக்குக் கொக்கியின் கட்டையால் வலது தோளில் மாறி மாறி அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இனி அந்தக் கை எழும்பாதாம். மூப்பன் வேலை வேறொருவனுக்குப் போயிற்று.

நவம்பர் 2

வாசலில் நாற்காலி. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கேட்டது கிடைத்துவிட்டது, இல்லையா? ஒரு நிமிஷம் நிம்மதி இல்லை. சாகும்வரை இப்படியேவா?

1953 ஜனவரி 8

ஒச்சப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மாடத்தி கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “கண்ணைத் தின்னது போதாதாடா, பாவி?” கொதிகஞ்சி என் காலில் கொட்டியது.

“விடு. பக்கத்துல வரச் சொல்லு” என்றான் ஒச்சப்பன். என் முகத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு அறைந்தான். இரண்டாவது அறை காதில். மூன்றாவதில் வாயெல்லாம் ரத்தம். நான் நகரவில்லை. கை ஓய்ந்ததும் அழுதான். நானும்தான்.

“நாளைக்கும் வா” என்றான்.

1962 மார்ச் 14

கடவில் இனிச் சாப்பா எறிவதில்லையாம். பேர் எழுதி வைத்துக் கூப்பிடுகிறார்களாம். ஒச்சப்பனிடம் சொன்னேன்.

மார்ச் 15

வழக்கம்போல் வாசலில் இரண்டு நாற்காலி. பீவி சாயா கொண்டுவந்தாள். ஒச்சப்பன் பீடி கேட்டான். இடது கையும் அந்தப் புத்தியைக் கற்றுக்கொண்டிருக்கிறது, பீடிக்கட்டை எறிந்துவிட்டேன். மண்ணில் விழுந்தது.

“பிச்சை, எறியாதேடா” என்றான் மெதுவாக. குனிந்து தேடத் தொடங்கினான். நானும் முட்டியை மடக்கி இறங்கினேன். எனக்கும் இப்போது பார்வை மங்கல். இரண்டு கிழவர்களும் மண்ணைத் துழாவினோம்.

எனக்குத்தான் கிட்டியது. அவன் கையில் தந்தேன்.