இந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு வர வேண்டாம்

திருப்பதி,
19-6-60.

சௌபாக்கியவதி வகுளாவுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் நைனாவும் மலையப்பன் தயவில் உடம்பளவில் சுகம், மற்றதைக் கீழே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கரக்பூரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் தினமும் விளக்கேற்றுகிறேன். உன் கடிதம் வந்தது. வாந்தி நின்றது, இப்போது பசி எடுக்கிறது என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. பசித்த நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளை வேலையிலிருந்து வரட்டும் என்று காத்துக் கிடக்காதே. தண்ணீர் வாளியை நீ தூக்காதே. அங்கே முருங்கைக்கீரை கிடைக்கிறதா என்று எழுது. ஏழாம் மாசத்தில் வளைகாப்பு வைத்து உன்னை அழைத்துவர நைனா எப்போது வருவார் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் இத்தனை நாளாய்த் தாளை எடுப்பதும் வைப்பதுமாய் இருந்தேன். வகுளா, நீ வர வேண்டாம். இதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழ உட்காராதே, முழுக்கப் படி.

நீ கல்யாணமாகிப் போகும்போது பார்த்த வீடு இல்லை இது. அப்போது நம் வரிசை வீடுகளுக்கு முன்னால் அகலமான முற்றம் இருந்தது, வாசல் கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்தால் வெளிச்சமும் காற்றும் வேண்டுமட்டும் வந்தது. இப்போது மலைக்கு வருகிற ஜனம் பெருகிவிட்டது, யூனிவர்சிட்டி வந்தபின் படிக்கிற பிள்ளைகளும் வாத்தியார்களுமாய் வந்து சேர்ந்துவிட்டார்கள், ஊரில் ஆடு கட்டுகிற இடத்தைக்கூட ரூம் என்று சொல்லி வாடகைக்கு விடுகிறார்கள். நம் வீட்டுக்காரர் ஆதிநாராயணன் மட்டும் சும்மா இருப்பாரா. போன வருஷம் தை மாசத்தில் முற்றத்தில் அஸ்திவாரம் தோண்டினார். கேட்டதற்குச் சாமான் போட ஒரு கொட்டகை என்றார். கொட்டகை யாத்திரிகர் தங்குகிற ரூம்களாய் எழும்பியது. அதன் முதுகுச் சுவர் நம் முகத்துக்கு எதிரே. நம் வாசலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு போகிற சந்துதான் மிச்சம், அதற்கு மேலும் தகரம் போட்டு மூடிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் எட்டித் தொடுகிற தூரத்தில் செங்கல். பட்டப்பகலில் அரிசியில் கல் பொறுக்க விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. அடுப்புப் புகை வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இது போதாதென்று யாத்திரிகர் குளிக்க வெந்நீர் போடுகிற பெரிய அடுப்பை அந்தச் சந்திலேயே, பக்கத்து வீட்டு ரத்னம்மாவின் ஜன்னலுக்குக் கீழே கட்டிவைத்தார். விடியற்காலையில் மூட்டினால் பொழுது சாயும்வரை எரிகிறது. அவள் வீட்டுச் சுவரில் முதுகு சாய்க்க முடியாது, தோசைக்கல்தான். உனக்குத் தெரிந்தால் வீணாய் மனம் கஷ்டப்படும் என்று இதையெல்லாம் நான் எழுதவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரியட்டும். உன் நைனாவிடம் சொன்னேன். அவர் பஸ் ஸ்டாண்டில் நாள் பூராவும் ஜனங்களிடம் பேசிப்பேசி அலுத்துப்போகிறவர், வீட்டுக்கு வந்ததும் அனுசரித்துப் போ என்ற ஒரே வார்த்தைதான் மிச்சமிருக்கிறது அவரிடம். ஆகவே நானும் ரத்னம்மாவும் வரிசையிலுள்ள மற்றப் பெண்களுமாய்ப் போய் சுகாதார இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம். பிரகாசம் என்று பெயர், சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்தவராம், தமிழிலேயே பேசினார். மறுநாளே வந்தார். ரத்னம்மா வீட்டுச் சுவரில் கையை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். குடியிருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிக்காற்று வருகிற ஜன்னல் கட்டாயம் இருக்க வேண்டும், உடனே வைத்துக் கொடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாய்ச் சொன்னார். அவரும் கையைக் கட்டிக்கொண்டு அலாகே சார், அலாகே சார் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சொன்னபடி அந்த வாரமே கொத்தனார் வந்தார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்த ஆளுக்கு மோரும் ஊறுகாயும் கொடுத்தேன். அவர் பின்சுவரை இடிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும், கக்கூஸ் சந்து. ஐந்து வீட்டுக்கும் அந்தச் சந்தைப் பார்த்து அழகாய்க் கம்பி போட்ட ஜன்னல் வைத்துக் கொடுத்துவிட்டார் நம் வீட்டுக்கார மகராசன். அதற்குள் தமிழுக்கும் தெலுங்குக்கும் ராஜ்ய எல்லை பிரித்ததில் ஆட்களை இங்கும் அங்கும் மாற்ற, பிரகாசமும் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவரிடம் போய் நின்றேன். ஜன்னல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும். வீட்டுக்கு வந்து அரிசிச் சாக்கை மடித்து அந்த ஜன்னலை அடைத்தேன், இன்னும் அப்படியே இருக்கிறது. ஆத்திரம் தாங்காமல் வீட்டுக்காரரிடமே நேரில் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே, "அதான் எல்லையப் பிரிச்சிட்டாங்களே, திருத்தணி உங்களுக்கு வந்துட்டுதே, அங்க போயி காத்து வர்ற ஊடா பாத்துக்கினு இருங்களேன்" என்றார். நகரியில் என் பாட்டன் பூட்டன் உழுத நிலம் இந்தப் பக்கம்தான் இருக்கிறது, நான் எங்கே போக வேண்டும். மூன்றாவது வீட்டில் இருப்பவர்கள் தெலுங்குக்காரர்கள், அவர்கள் ஜன்னலுக்கு எதிரே நிற்பதும் இதே செங்கல்தானே, அவர்களை எந்த எல்லைக்கு அனுப்புவார்.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன் வகுளா. போன மாசம் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ரத்னம்மாவின் பெண் அம்சவேணி, உன்னோடு பள்ளிக்கூடம் போனவள், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கத்திரி வெயில். மத்தியானம் வலி எடுத்தது. மருத்துவச்சி கங்கம்மா வந்து பார்த்து நேரம் ஆகும் என்றாள். சந்தில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது, மூடிவைத்தாலும் ஜன்னல் இடுக்கில் புகை வருகிறது, பின்ஜன்னலைத் திறந்தால் நாற்றத்தில் அந்தப் பெண் குமட்டுகிறாள். அடுப்பைக் கொஞ்ச நேரம் அணைக்கச் சொல்லி நான் ஓடினேன். ரூம் நிறைய ஜனம் இருக்கிறது, வெந்நீர் இல்லையென்றால் யார் பதில் சொல்வது என்று வீட்டுக்காரரின் ஆள் கையை விரித்துவிட்டான். திரும்பி வருவதற்குள் அம்சவேணிக்கு நினைவு தப்பிவிட்டது. உதடு நீலம் பூத்துக் கிடந்தாள். தண்ணீர் தெளித்துக் கண் திறக்கவைத்துவிட்டுக் கங்கம்மா எங்களைப் பார்த்து, "இந்த ரூம்ல வச்சிக்கினு இருந்தா தாயும் நிக்காது, புள்ளையும் நிக்காது. கட்டிலோட வெளிய தூக்குங்க" என்றாள். எங்கே தூக்குவது. முற்றத்தில் மிச்சமிருப்பது குழாயடிதான், அங்கே யாத்திரிகர் குளித்துக்கொண்டிருந்தார்கள். தூக்கினோம். நானும் ரத்னம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் சேலைகளை எடுத்துவந்து நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆண்பிள்ளைகள் இடுப்பில் ஈரத்துண்டோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். கோலார் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், அன்றுதான் மொட்டை போட்டு இறங்கியவள், தலையில் சந்தனம்கூடக் காயவில்லை, அவள் மட்டும் அவர்களைக் கன்னடத்தில் வைது விரட்டிவிட்டு வந்து ஒரு சேலை முனையைத் தானும் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கை மரத்துப் போயிற்று, ஆனாலும் இறக்கவில்லை. உள்ளே அம்சவேணி சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பெற்றாள். பெண் குழந்தை. முதலில் அழவில்லை, கங்கம்மா தலைகீழாய்ப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டிய பின்தான் அழுதது.

அப்புறம் நடந்ததைக் கேள். வீட்டுக்காரர் வந்தார். குளிக்கிற இடம் தீட்டாகிவிட்டது, மலைக்குப் போகிறவர்கள் எப்படிக் குளிப்பார்கள் என்று சத்தம் போட்டார். பிள்ளை பெற்றவள் இன்னும் கட்டிலில் கிடக்கிறாள், அவளைத் தாண்டி ஆளை அனுப்பித் தரையில் மஞ்சள்தண்ணீர் தெளிக்கச் சொன்னார். ரத்னம்மா அழுதுகொண்டே நின்றாள். எனக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "தீட்டு எங்களோடது இல்ல. நீ காத்தை அடைச்சதால அந்தப் பொண்ணு நடுமுத்தத்துல வந்து பெத்தா. தெளிக்கறதா இருந்தா நீ கட்டுன செவுத்துமேல தெளி" என்றேன். அத்தனை யாத்திரிகர் முன்னால் சொன்னேன். அவர் போய்விட்டார், ஆனால் மறுநாளும் அடுப்பு எரிந்தது. தாயும் குழந்தையும் நன்றாய்த்தான் இருக்கிறார்கள். நீராட்டியபின் மூன்றாம் வாரமே அவள் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். இருந்தவரைக்கும் குழாயடிப் பக்கம் தலையை நிமிர்த்தி நடக்கவில்லை. எப்படிக் கலகலவென்று சிரிக்கிற பெண் என்று உனக்கே தெரியும்.

உன் நைனா அன்று ராத்திரி வந்து எல்லாம் கேட்டார், சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து வேறு வீடு தேடினார், அதையும் சொல்ல வேண்டும். ரயில் பாதைப் பக்கம் ஒரு வீடு, எல்லாம் பிடித்திருந்தது, ஆனால் புரட்டாசியில் பிரம்மோற்சவத்துக்கு மட்டும் வீட்டைக் காலிசெய்து யாத்திரிகருக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமாம். உனக்கு நாள் கணக்கு முடிவதே புரட்டாசியில்தானே, பச்சை உடம்போடு நீ எங்கே போய் நிற்பாய். ஊருக்கு வெளியே புதுசாய்க் கட்டிய வரிசையில் ஒன்று பார்த்தார், சுவர் இன்னும் ஈரம் காயவில்லை, கக்கூஸே கட்டவில்லை, விடியுமுன் தண்டவாளத்துப் பக்கம் போக வேண்டும். இன்னொன்று மாடியில், ஏறுவதற்கு இரும்பு ஏணி. எத்தனை வீடு கட்டுகிறார்கள் வகுளா, தெருவெல்லாம் செங்கலும் மணலும்தான், குடியிருக்க மட்டும் ஒன்று அகப்படவில்லை. நகரிக்கு உன் மாமா வீட்டுக்குப் போகலாமே என்பாய். அங்கே அவர் பெரிய மருமகளுக்கும் இதே மாசம்தான், ஒரே கூரையில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். ஆவணி பிறந்ததும் நான் அங்கே வருகிறேன். உங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் எதிரும் புதிருமாய் ஜன்னல் இருக்கிறது, நடந்து போகிற தூரத்தில் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். பிள்ளை அங்கே பிறக்கட்டும். இதைச் சொன்னதும் உன் நைனாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் சுவர் வைத்தபோது வராத கோபம் அது. "பொண்ண தாய் ஊட்டுக்குக் கூட்டினு வராம, நீ போயி பொண்ணு ஊட்டுல ஒக்காந்து துன்னுக்கினு இருந்தா ஊரு இன்னா சொல்லும்" என்றார். "ஊரு வந்து பொடவ புடிக்குமா" என்று கேட்டேன். மூன்றாம் நாள் கரக்பூர் வழியாய்ப் போகிற ஹௌரா மெயில் கூடூரில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டு வந்து, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். அவரும் லீவு கேட்டிருக்கிறார், கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்புவார்.

புத்தூரில் உன் மாமியாருக்கு இது பிடிக்காது. நான் எழுதினால் பெண்ணைப் பெற்றவளின் கடமையைத் தட்டிக்கழிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். நடந்ததை மாப்பிள்ளையிடம் ஒன்று விடாமல் சொல்லி, அவரையே தன் அம்மாவுக்கு எழுதச் சொல், இதை மறக்காதே. வளைகாப்பை அங்குள்ள நம் ஜனங்களைக் கூப்பிட்டு எளிமையாய்ச் செய்துகொள்ளுங்கள், வளையல் நான் அனுப்புகிறேன். ராத்திரியில் தனியாய் வெளியே போகாதே, ஈரத்தரையில் பார்த்து நட, மனதில் எதையும் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அலர்மேல்மங்கைத் தாயார் உன்னையும் பிள்ளையையும் நல்லபடியாய் இரண்டாய்ப் பிரித்துக் கொடுப்பாள், நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப்போகிற குஞ்சும் தீர்க்காயுசாய் இருங்கள். உன் நைனா ஆசீர்வாதம் எழுதச் சொன்னார். அவர் திரும்பியபின் நான்தான் தனியாய் வெளியே போய்வர வேண்டும், அந்த ஊர்க்காரர் ஒருத்தருக்கும் என் பாஷை தெரியாதே, கடைக்குப் போனால்கூட என்ன கேட்பாய் என்று அவருக்கு ஒரே கவலை. இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பாஷையில்தானே இத்தனை நாளும் கேட்டேன், காற்று வந்ததா என்றேன்.

உன் அம்மா,
கோ. சுந்தரி.