பாலத்தடியில் இறங்கியவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

தங்கச்சியை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய் வந்தேன். வாரத்தில் மூன்று நாள் இதுதான் வேலை. போகும்போது தெம்பாகத்தான் போகிறாள். ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பிய பிறகு, பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிடுகிறாள். அந்த உடம்போடு ஆஸ்பத்திரியிலிருந்து பாலத்தடி வரை மேட்டில் நடக்க வேண்டும். பதினேழாம் நம்பர் பஸ் பாலத்தடியோடு திரும்பிவிடுகிறது. ஆட்டோவெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது.

இன்று பாதி வழியில் கிலோமீட்டர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "நீ போக்கா. நான் கல்லோட கல்லா இங்கயே இருந்துக்கறேன்."

"இருந்தா உம்மேலயும் பெயின்ட் அடிச்சு நம்பர் எழுதிட்டுப் போவாங்க. எந்திரிடீ!"

சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பஸ்ஸை ஆஸ்பத்திரி வரை விடச் சொல்லி மனுக் கொடுத்து எட்டு மாதம். என்னதான் ஆச்சு என்று போக்குவரத்து ஆபீசில் போய் நின்றேன். கண்ணாடி போட்ட அதிகாரி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். இந்த வருஷம் முப்பத்தி நாலு திட்டம் வந்ததாம். ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார்களாம். முதல் ஆறுக்குத்தான் அரசாங்கம் பணம் ஒதுக்குமாம். ரயில் நிலையத்துக்குக் கண்ணாடிக் கூரை — எழுபத்தெட்டு மார்க். எங்கள் பஸ்ஸுக்கு முப்பத்தொன்று.

"பயணிகள் எண்ணிக்கைக்கு மட்டும் நாப்பது மார்க்கும்மா. பாலத்தடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல உங்களுக்குப் பயணிகளே இல்ல. பூஜ்யம்."

"பஸ்ஸே போகாத ரோட்டுல பஸ் ஏறினவங்களை எண்ணினீங்களா சார்?"

"விதி அப்படி."

குழாயே போடாத தெருவில் ஒருத்தரும் தண்ணீர் பிடிக்கவில்லையாம், அதனால் குழாய் வேண்டாமாம்! ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கே இது உறைக்கிறது. எனக்கு வாய் நிற்கவில்லை. கடைசியில் என்னைக் கிளப்பினால் போதும் என்று, "இருபத்தொண்ணாம் தேதி ஆட்சேபணைக் கூட்டம். உங்ககிட்ட எண்ணிக்கை இருந்தா கொண்டாங்க" என்றார்.

ராத்திரி சாமியிடம் சொன்னேன்: எல்லாத்தையும் பாக்கறவன் நீ. நீ எண்ணிச் சொல்லு. இல்லேன்னா நான் எண்ணறேன்.

மார்ச் 12, புதன்

காலை ஆறு மணிக்கே பாலத்தடியில் நின்றேன். தையல் டப்பாவிலிருந்த பட்டன்களையெல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் "எங்க போறீங்க?" என்று கேட்பேன். ஆஸ்பத்திரிக்கு என்றால் ஒரு பட்டன் இன்னொரு பைக்குப் போகும்.

ஆபீசிலிருந்து கணக்கெடுக்க ஒரு பெண்ணும் வந்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஏறியவர், இறங்கியவர் — தாளில் இரண்டே கட்டம்.

"ஏம்மா, இறங்கினவங்க அப்புறம் என்ன, மண்ணுக்குள்ளயா போயிடறாங்க?"

"அதுக்குக் கட்டம் இல்லைங்கம்மா" என்றாள். ஆனால் யோசித்தாள்.

ஒரு பெரியவர், "எங்க போனா உனக்கென்ன?" என்று எரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிப் பக்கம்தான் நடந்தார். அதற்காக ஊகத்தில் பட்டன் போடலாமா? பின்னாலேயே போய், அவர் வாசலில் நுழைந்ததைப் பார்த்துவிட்டு வந்துதான் போட்டேன். கால் வீங்கிப்போச்சு.

நூற்று எண்பத்தாறு பேர்.

மார்ச் 21, வெள்ளி

ஆட்சேபணைக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம். மேஜைமேல் பையைக் கொட்டினேன்.

"என்னம்மா இது?" என்றார் தலைவர்.

"ஆளுங்க சார். ஒரே நாள்ல நடந்தவங்க. உங்க தாள்ல இவங்க இல்ல."

"இது முறைப்படி எடுத்த கணக்கு இல்லையேம்மா."

பின்வரிசையிலிருந்து அந்தக் கணக்கெடுக்கும் பெண் எழுந்தாள். "நான் பக்கத்துலதான் சார் நின்னேன். அவங்க எண்ணினது சரி." வேலைக்கு வேட்டு வைத்துக்கொள்கிறாளே என்று எனக்குத்தான் பகீரென்றது.

மணி அடித்தார்கள். நான் உட்காரவில்லை. "எந்தங்கச்சி அந்த மேடு ஏற நாப்பது நிமிஷம் ஆகுது. நீங்க இன்னும் ரெண்டு நிமிஷம் பொறுத்துக்குங்க!" என்று சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன். உருண்டு விழுந்த பட்டன்களைத் தலைவரே குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்.

மார்ச் 22, சனி

கல்லில் உட்கார்ந்தோம். அப்புறம் எழுந்து மீதி மேட்டையும் நடந்தோம்.

ஏப்ரல் 9, புதன்

கடிதம் வந்தது. திரும்ப மார்க் போட்டு ஐம்பத்தெட்டு. ஆறாம் இடத்துக்கு அறுபது மார்க் வேணுமாம். போங்கடா!

கீழே இன்னொரு வரி. சோதனைக்காகத் தினம் இரண்டு ட்ரிப் ஆஸ்பத்திரி வரை விடுவார்களாம். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒவ்வொரு ட்ரிப்பிலும் முப்பது பேராவது ஏற வேண்டும். குறைந்தால் நிறுத்திவிடுவார்களாம்.

குறையட்டும், பாக்கறேன்.

மே 14, புதன்

தங்கச்சிக்கு இன்று முறை இல்லை. படுத்தபடியே, "எங்கக்கா கிளம்பிட்டே?" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு என்ன?"

யாருக்கும் ஒன்றுமில்லை. புதன்கிழமை மத்தியான ட்ரிப்பில் கூட்டம் கம்மி, அவ்வளவுதான். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. துணைக்கு ஆளில்லாமல் படுத்திருந்த ஒரு அம்மாவுக்கு ரெண்டு சாமி பாட்டுப் பாடினேன். போதும் என்றாள். இன்னும் ஒன்று பாடிவிட்டு வந்தேன்.

நிறுத்தத்தில் அதே பெண், அதே வேலையில். அவள் தாளில் இப்போது மூன்று கட்டம்: ஏறியவர், இறங்கியவர், எங்கே போகிறார். எல்லாரும் ஏறட்டும் என்று கடைசியாக நின்றேன். இருபத்தொன்பது பேர் ஏறியிருந்தார்கள். நான் படியில் கால் வைத்ததும், "முப்பது" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இதில் பொய் எங்கே இருக்கிறது? ஏறினது நிஜம், உட்கார்ந்தது நிஜம். டிக்கெட்டை இந்தப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். சாமி கேட்டால் காட்டுவேன்.