ஓரத்தில் ஓடும் இலத்திரன்கள்

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் ஒரு குறைகடத்தித் துண்டின் ஓரம் இடுக்கி பட்டு உடைந்துவிட்டது. எறியப் போன கை உன் நினைவில் நின்றது. கடுங்குளிரில், பலத்த காந்தப்புலத்தில் வைத்து அளந்தேன். துண்டின் குறுக்கே எழும் ஹோல் மின்னழுத்தம் படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் ஓரம் உடையும் முன் நின்றதுபோலவே மட்டமாக நின்றது. நீ இறந்து இத்தனை வருடமான பிறகும் முதலில் உனக்குத்தான் சொல்லத் தோன்றியது.

சண்டையால் பல்கலைக்கழகம் மூடிக்கிடந்த மாதங்களில், திருகோணமலையில் உன் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில், காந்தப்புலத்தில் மின்னைச் சுமக்கும் இலத்திரன்கள் ஓடும் விதம் பற்றிய ஒரே கட்டுரையின் போட்டோக்கொப்பியை இருவரும் படித்தோம். துண்டின் ஓரம் என்றால் கீறலும் அழுக்கும்தான், கணக்கைக் கெடுப்பது அதுதான் என்பது என் கட்சி. நீ விடவில்லை.

"நடுவில நிக்கிற இலத்திரன் சும்மா சுத்திக்கொண்டு நிக்கும். ஓரத்தில நிக்கிறது முட்டி முட்டி முன்னுக்குப் போகும். ஓரம் உடைஞ்சா வளைஞ்சு போகும். திரும்பிவர ஏலாது, எதிர்ப்பாதை மற்றக் கரையிலயெல்லோ இருக்கு."

நீ வரைந்த படத்தோடு துறைமுகப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டோம். நீள்சதுரம், கம்பி தொடுக்க இரு பக்கமும் நீட்டிய கைகள், கரையோரம் அம்புக்குறிகள். சிப்பாய்க்கு அது இறங்குதுறைகளின் வரைபடமாகத்தான் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்! நான் அவசரமாக அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். நீயோ தெரிந்த சிங்களத்தில் அவனுக்கு இலத்திரனைப் பற்றிப் பாடமே எடுத்தாய். கேட்டுக் களைத்து, தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு எங்களை விட்டான்.

"ஒரு கேள்விகூடக் கேக்கேல்லையே அவன்," என்று வழியெல்லாம் குறைப்பட்டாய்.

வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்ய இருவருக்கும் இடம் கிடைத்தது. அதற்கிடையில், ஒரு நாள் மூதூருக்குப் போன உன் அப்பா திரும்பி வரவில்லை. அம்மாவும் முன்பே இறந்துபோன வீடு.

"அப்பா வரேக்குள்ள வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது," என்றாய்.

கெஞ்சினேன், ஏசினேன். நீ அசையவில்லை. நான் ஏறிய பஸ் வெளிக்கிடும்போது, வெளியே நின்று யன்னல் கம்பியைப் பிடித்தபடி சிரித்தாய். "ஓரத்தைப் பற்றி நான் சொன்னது பிழையெண்டா மட்டும் எழுது. சரியெண்டது எனக்குத் தெரியும்."

அப்பா வரவில்லை. பிறகொரு ஊரடங்கில் உனக்குக் காய்ச்சல் கடுமையாகி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்காமல், நீயும் போய்விட்டாய். பக்கத்து வீட்டார் எழுதித்தான் எனக்குத் தெரியும்.

நீ சொன்னது பிழையென்று எழுத எனக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை. எந்தத் துண்டு கையில் வந்தாலும் முதலில் ஓரத்தைத்தான் பார்க்கிறேன், அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆனால் என்னோடு வராமல் நின்றாயே, அந்தக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. அதை ஆறவிடவும் எனக்கு மனமில்லை.