தென்மூலையில் அவர்

ஜூன் 9, 1996. ஞாயிறு

விடாத மழை. முழங்கால் வலி. ஆராதனைக்குப் போகவில்லை. நேற்று மாலை போன கரண்ட் இன்னும் வரவில்லை. செய்ய வேண்டியவை: காஸ் சிலிண்டருக்கு எழுதிவைக்க. பிரஷர் மாத்திரை. அடுக்களை ஓடு மாற்ற ஆள்.

மத்தியானம் புரோக்கர் சுகுமாரன் வந்தான். பின்னால் ஒரு கார், வீடு வாங்கப் பார்க்க வந்த நெய்யாற்றின்கரை பார்ட்டி. கணவன் துபாயிலிருந்து வந்தவனாம். வீடு பிடித்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தான், பிடித்தது. பலாமரம் பிடித்தது. பிறகு மனைவி குடையோடு தென்மூலைப் பக்கம் நடந்தாள். சிமென்ட் கல்லறை முன்னால் நின்றாள்.

"இது யாருது?"

"எங்க சாருக்க குழியாக்கும்" என்றான் சுகுமாரன், ஏதோ தென்னங்கன்றைக் காட்டுகிற மாதிரி.

அவ்வளவுதான். போட்ட சாயாவைக் குடிக்கவில்லை. கார் போய்விட்டது. போன மாதம் வந்தவர்களும் இப்படியே. நாசமாய்ப் போகட்டும், நானே இரண்டு கிளாஸையும் குடித்தேன்.

சரோஜம் (காலையில் வந்து கூட்டிப் பெருக்கிச் சமைத்துவிட்டுப் போகிறவள்) சொல்கிறாள்: "குழி உள்ள புரையிடத்தை ஆரு வாங்குவா டீச்சரம்மா? பிள்ளைகளுக்குப் பேடி உண்டுல்லா."

இந்த ஊரில் சொந்தப் புரையிடத்தில், வீட்டு மனையிலேயே, புதைப்பது புதிதல்ல. சில வருஷங்களுக்கு முன் என் வீட்டுக்காரரைப் புதைத்தபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. "வாழ்நாள் முழுக்க வெள்ளைக்காரன் தோட்டத்திலே கணக்கு எழுதினேன். கிடக்கிறதாவது எனக்க மண்ணிலே கிடக்கணும்" என்று அவர் சொல்லிவைத்திருந்தார். நான் மலேயாவில், பேராக்கில் பிறந்தவள். எனக்கு விநோதமாகத்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றதும் இங்கே, அவர் பிறந்த ஊருக்கு, வர வேண்டும் என்று அவர் சொன்னபோதும் அப்படித்தான். அவர் கேட்கவில்லை, சொன்னார்.

ஜூன் 11, செவ்வாய்

காலை வெயில், பதினொன்றுக்கு மழை. பாறசாலை போய் வந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. மாத்திரை வாங்கியாயிற்று. கடைக்காரப் பையனிடம் நான் தமிழில் கேட்க, அவன் மலையாளத்தில் சொல்ல, கடைசியில் விரலால் காட்டினேன். தமிழ் தெரியாதவனல்ல. என் தமிழ்தான் அவனுக்குச் சிரிப்பு. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துத் தலை நரைத்தவள் நான்! தோட்டப் பள்ளிக்கூடத்தில் என் குரல் கேட்டால் ஒரு பயல் அசையமாட்டான்.

டெலிபோன் பூத்திலிருந்து மகன் டேவிட்டுக்குப் போன் செய்தேன். ஈப்போவில் மழை இல்லையாம். சின்னவளுக்குப் பல் விழுந்திருக்கிறது. எப்போதும் சொல்வதையே சொன்னான்: "அந்த இடத்தை வித்துட்டு வந்துடுங்கம்மா. ரூம் ரெடியா இருக்கு." எத்தனை தரம் கேட்டாலும் அலுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அந்த ரூமில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று யோசித்துக்கொண்டே வந்து ஸ்டாப்பைத் தவறவிட்டேன். சேற்றில் திரும்ப நடந்தேன்.

மாலை ஆசைப்பட்டு பெலாச்சான் சம்பல் வதக்கினேன். டேவிட் யாரிடமோ கொடுத்தனுப்பிய அந்த இறால் பசையில் கடைசித் துண்டு. அக்கம்பக்கத்தில் எலி செத்துக் கிடக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். சரோஜமும் சேர்ந்து தேடினாள். சொல்லவில்லை நான். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

ரப்பர்த் தோட்டத்திலிருந்து கிளம்பி வந்த இடமும் ரப்பர். பக்கத்துத் தோட்டத்தில் ஷீட் புகை போடுகிற அதே நாற்றம். ஆனால் அங்கே அந்த நாற்றத்தில் என் மனுஷர்கள் இருந்தார்கள்.

ஜூன் 14, வெள்ளி

வானம் மப்பு. கோழி ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று.

சுகுமாரன் மறுபடியும். முகமெல்லாம் பல். இடம் வாங்க வெள்ளறடை ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறாராம்.

"டீச்சரே, இது வேற மாதிரி பார்ட்டியாக்கும். வீட்டைப் பொளிச்சுட்டு ரப்பர் வைக்கப் போறாவ. ஓடு ஒழுகுதா, கரண்ட் உண்டான்னு ஒண்ணும் கேக்க மாட்டாவ. அந்தக் குழியை மட்டும் ஒண்ணு மாத்தித் தரணும். வேற பிரச்னம் ஒண்ணும் இல்ல."

"குழியை எப்படி மாற்றுவது?"

"சபைக் கல்லறைக்கு எடுக்கலாம் டீச்சரே. எடுத்தவிய உண்டு. பஞ்சாயத்துக் காரியம் நான் பாத்துக்கிடுதேன்."

போடா வெளியே என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். சொல்லவில்லை. அவன் சாயா குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் என் மனம் சரி என்று சொல்லிவிட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். அவ்வளவு சீக்கிரம் சொன்னது.

கரண்ட் வந்தது, போயிற்று.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். முடிந்ததும் போதகரிடம் பேசினேன். நல்ல மனுஷர். தாடையைத் தடவிக்கொண்டே, "கமிட்டியில் சொல்கிறேன், தடை வராது" என்றார். "பிள்ளையிடம் போகிறீர்கள், நல்லதுதானே" என்றும் சொன்னார்.

என் கொழுந்தன் ஞானமுத்து காதில் அதற்குள் விழுந்துவிட்டது. கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"மைனி, என்ன வேலை காட்டுதிய? எனக்க அண்ணனுக்க எலும்பைத் தோண்டிப் போட்டுத்தான் நீங்க பிளேன் ஏறணுமா?"

"மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவா? நாலு பேரு கேக்கட்டு. அவனுக்க மண்ணுன்னு சொல்லிக் கிடந்தவனாக்கும். அங்கயும் நிம்மதியா விட மாட்டியளோ?"

குடையை விரிக்க வரவில்லை, கம்பி சிக்கிக்கொண்டது. நனைந்தே வந்தேன். பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும். இவர்களில் ஒருத்திகூட என் வீட்டுப் படி ஏறி, டீச்சர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. மலேயாக்காரி. இன்றைக்கும் எனக்கு அதுதான் பெயர்.

ஜூன் 17, திங்கள்

ஜலதோஷம். கஞ்சி.

சாயங்காலம் ஞானமுத்து வந்தார். நேற்றைய ஆள் இல்லை. நேரே தென்மூலைக்குப் போய் நின்றுவிட்டு, பிறகு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஒங்களுக்குப் பிள்ளைகிட்ட போணும்னா போங்க மைனி. நான் வேண்டாம்னு சொல்லேல்ல. அவனை இஞ்ச விட்டிட்டுப் போங்க."

"யாரை நம்பி விட?"

"நான் இல்லியா?"

"இடம் வெள்ளறடைக்காரருக்குப் போன பிறகு உங்களை யார் உள்ளே விடுவார்கள்?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சளி, இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எழுந்து போகும்போது சொன்னார்: "கண்ட ஆளும் கை வைக்கப்பிடாது. நானே வாறேன். புதன்கிழமை வெள்ளன வாறேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 19, புதன்

மழை நின்றிருந்தது. வானம் கறுப்பு. போதகர், ஞானமுத்து, கல்லறைக் குழி வெட்டும் ஆள் ஒருவர், சுகுமாரன். சிறு ஜெபம். சரோஜம் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "நீங்க பாக்கப்பிடாது டீச்சரம்மா." நான் போகவில்லை.

மேலே சிமென்ட் உடைக்கச் சிரமம். பிறகு செம்மண், நனைந்து கனத்துக் கிடந்தது. சட்டை, கோட்டு எல்லாம் மண்ணோடு மண். எலும்பு காப்பி நிறம். ஞானமுத்து ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி வெள்ளைத் துணியில் வைத்தார்.

சாக்ஸ் மட்டும் அப்படியே இருந்தது. மலேயாவில் தைப்பிங் டவுனில் வாங்கிய நைலான் சாக்ஸ், சாம்பல் நிறம். கடைசி நாட்களில் கால் குளிர்கிறது, குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாரென்று நான்தான் மாட்டிவிட்டேன். மக்கவில்லை. உள்ளே எலும்பு குலுங்கியது.

அய்யோ. என்ன செய்துவிட்டேன் நான்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. ஞானமுத்து ஏறிட்டுப் பார்த்தார். "இனி என்ன செய்யியதுக்கு மைனி. அங்க போய்ப் பிள்ளைகளோட சந்தோசமா இரிங்க" என்றார். கோபமே இல்லை.

பத்தரைக்குள் கல்லறையில் அடக்கம் முடிந்தது. மதில் ஓரம், தண்ணீர் தேங்குகிற பக்கம். வேறு இடம் இல்லையாம். அவருக்கு ஒரு பக்கம் யார், மறுபக்கம் யார், எனக்குத் தெரியாது.

குளித்தேன். மறுபடி குளித்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

விற்பனை ஒப்பந்த எழுத்து முடிந்தது. அட்வான்ஸ் வாங்கியாயிற்று. வெள்ளறடைக்காரர் மரியாதையான மனுஷர், அதிகம் பேசவில்லை. ஜூலை முடிவதற்குள் வீட்டை ஒழித்துத் தர வேண்டும்.

சரோஜத்துக்கு அம்மி வேண்டுமாம். எடுத்துக்கொள் என்றேன். கோழிகளும் அவளுக்கே. "டீச்சரம்மா போயாச்சுன்னா எனக்கு ஆரு உண்டு" என்று அழுதுகொண்டே அம்மியைத் தூக்கிப் பார்த்தாள்.

நேற்று நன்றாகத் தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தூங்கினேன். எழுந்ததும் முதல் நினைப்பு ஈப்போ காலைச் சந்தை. தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் வாசனை. யாரிடமும் விரலால் காட்டிக் கேட்க வேண்டாம்.

சனிக்கிழமை டேவிட் வீட்டில் இருப்பான். அன்றைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 22, சனி

பாறசாலை. பூத்தில் கூட்டம். காத்திருந்து போன் செய்தேன். டேவிட்தான் எடுத்தான். விற்றாயிற்று என்றேன். அப்பாவைக் கல்லறைக்கு மாற்றியாயிற்று என்றேன். ஜூலை கடைசிக்குள் வந்துவிடுகிறேன் என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

"இருக்கேன்மா" என்றான்.

பிறகு: "ஏம்மா இவ்வளவு அவசரம்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"நீதானே விற்றுவிட்டு வா என்றாய்."

"சொன்னேன்மா. அப்பா குழி அங்க இருக்கிற வரைக்கும் யாரும் வாங்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நீங்க வரட்டுமான்னு கேக்கிறப்போ எல்லாம் முடியாதுன்னு எப்படிம்மா சொல்றது? மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

எனக்கென்று சொன்ன ரூமில் அவன் மாமியார் இருக்கிறாள். போன வருஷத்திலிருந்து. நடக்க முடியாதவள். என்னிடம் சொல்லவே இல்லை. அங்கே பின்னால் யாரோ பெண் குரல், என்னவாம் என்று கேட்டது. ஒன்றுமில்லை என்றான் அவளிடம்.

"கொஞ்ச நாள் சித்தப்பா வீட்ல இருங்கம்மா. அப்புறம் பார்ப்போம்."

சித்தப்பா வீட்டில். கோயில் வாசலில் நின்று கத்தின சித்தப்பா வீட்டில்.

சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பூத்துக்காரன் மீதி கொடுக்க மறந்தான், நானும் கேட்க மறந்தேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

அவன் மேல் கோபப்பட முயற்சி செய்கிறேன். வரவில்லை. அவனும் வாயை மூடிக்கொண்டு இருந்து பழகியவன். என் வயிற்றில் பிறந்தவன்தானே.

ஜூன் 24, திங்கள்

மழை. அடுப்புப் பற்றவைக்கவில்லை. சரோஜம் மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள், மூடிவைத்தேன்.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நேற்று முழுக்க அதைத்தான் நினைத்தேன். சுகுமாரன் குதிப்பான், குதிக்கட்டும். ஆனால் இடத்தைத் திருப்பி வாங்கி என்ன செய்ய? இத்தனை நாளும் இந்த ஊரை எவ்வளவு வெறுத்தாலும், காலையில் தென்மூலைப் பக்கம் போய் நின்று அவரைத் திட்டுவேன். பார்த்தீர்களா, ஓடு ஒழுகுகிறது. பார்த்தீர்களா, கீரி வந்துவிட்டது. எல்லாம் உங்களால்தான். பேச ஆள் என்று இந்த ஊரில் அது ஒன்றுதான் எனக்கு இருந்தது. அது எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது.

குழியை மூடவில்லை. ரப்பருக்கு மண் கிளறும்போது மூடிக்கொள்வார்களாம். தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. தவளைச் சத்தம் தாங்கவில்லை.

மாலை கல்லறைக்குப் போனேன். எது அவருடையது என்று உடனே கண்டுபிடிக்க முடியவில்லை. புது மண் எல்லாம் மழையில் ஒரே மாதிரி. அங்கே சத்தம் போட்டுத் திட்டவும் முடியாது, பக்கத்தில் ஆட்கள் நடமாடுகிறார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

செத்துப் போனால் தேவலை என்று இருக்கிறது. போதகரிடம் சொல்லக்கூடாத வார்த்தை. இங்கே எழுதலாம்.

ஜூன் 27, வியாழன்

வெயில். துணி காயப்போட்டேன். பிரஷர் மாத்திரை இரண்டு நாளாகப் போடவில்லை, இன்று போட்டேன்.

சுகுமாரனும் ஞானமுத்துவும் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஞானமுத்து கையில் வாழைக்குலை. பேத்திகளுக்கு நான் கொண்டுபோக இதில் வற்றல் போட்டுத் தரும்படி அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், வீட்டுக்குப் போகிற வழி.

"எப்ப பிளைட்டு டீச்சரே?" என்றான் சுகுமாரன்.

ஞானமுத்து என்னைப் பார்த்தார். இப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. எலும்பை வாங்கி வைத்த கை அது, குலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கையிடம் எப்படிச் சொல்வேன், ஒன்றுமில்லாததற்குத் தோண்டினோம் என்று?

"அடுத்த மாசம் இருபத்தேழாம் தேதி" என்றேன். வாயில் வந்த தேதி.

"திருவனந்தபுரத்துக்கு நான் கொண்டு விடுதேன் மைனி. நீங்க ஒண்ணும் விசாரப்படாண்டாம்" என்றார் ஞானமுத்து.

சரி என்றேன். அவர்கள் போன பிறகு சரோஜம் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்தாள். என் சேலைகளை மடித்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். எது மேலே வேண்டும், எது அடியில் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சொல்லிக்கொண்டிருக்கிறேன்.