‘ஹெல்ப்’ என்ற சொல்லும் வீதியில் காயப்போட்ட நெல்லும்

மாசி 12, வியாழன்

இன்று எட்டாம் வகுப்பில் ‘ஹெல்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒத்த சொற்கள் படிப்பித்தேன். அசிஸ்ட், சப்போர்ட், எய்ட். கடைசிச் சொல்லை எழுதியதுமே பிள்ளைகள், “அது எங்கட கிணத்துக்கட்டில எழுதிக் கிடக்கு ரீச்சர்!” என்று கத்தினார்கள். வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் கட்டித் தந்த கிணறுகள் அவை; இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பெயர்ப்பலகையும் திறப்பு விழாவும் உண்டு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அக்கராயன் குளத்துப் பக்கம் இருட்டி, மழை கொட்டியது. காலையில் வீட்டுக்கு முன் தார் வீதியில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு வந்திருந்தேன். வருசம் முழுக்கச் சாப்பிட வேண்டிய நெல்.

பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் பறந்து வந்தேன். வீதியில் ஒரு நெல்மணி இல்லை. நெல் முழுக்க எங்கள் விறாந்தையில் தார்ப்பாய்ப் படங்கால் மூடிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் புவனேஸ் அக்கா தெப்பலாக நனைந்தபடி நின்றா.

“பெரிய நன்றி அக்கா” என்றேன்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. “என்ன பிள்ளை கதைக்கிறாய்? நாங்கள் என்ன பிறத்தியாரே?” என்றுவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டா.

பின்னேரம் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கரும்பலகையில் எழுதிய ஒரு சொல்லும் அவா செய்ததற்கு ஈடாகக் காணாது.

விளக்கு வைக்கிற நேரம் அக்கா வெறும் தகரப் பேணியோடு வந்தா. “சீனி முடிஞ்சுது பிள்ளை, கொஞ்சம் தா.”

நிறையப் போட்டுக் கொடுத்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனா. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.