கத்தரிக்கோல் படாத டேப்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இரண்டு உருப்படியும் நலம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இதை ஏன் போனில் சொல்லவில்லை என்றால், பேச ஆரம்பித்தால் நான் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன், அப்பா வேறு பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். போன கடிதத்தில் நான் எழுதியது உனக்கு மறந்திருக்காது. அப்பாவுக்கு வாதத்தில் வலது கை விழுந்த பிறகு என்னால் ஒண்டியாகச் சமாளிக்க முடியவில்லை, இந்த மாதத்தோடு உன் ஆராய்ச்சி ஒப்பந்தம் முடிகிறதே, இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிடு என்று எழுதியிருந்தேன். நீயும் சரிம்மா வந்துடறேன் என்று ஒரே வரியில் பதில் போட்டாய். தொட்டதற்கெல்லாம் என்னோடு மல்லுக்கு நிற்கிற பெண் இதற்கு மட்டும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே என்று மனதுக்குள் உறுத்தியது, ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டேன். உன் அறைக்கு வெள்ளையடித்தேன், புதுத் திரை போட்டேன், உனக்குக் குளிர் ஆகாதே என்று ஒரு ஹீட்டரும் வாங்கி மூலையில் வைத்தேன்.

அந்த ஹீட்டர் இப்போது நான் வேலை பார்க்கும் பண்ணையில் கன்றுக் கொட்டிலில் இருக்கிறது. கன்றுகளுக்குக் கழிச்சல் வந்த கதைதான் உனக்கே தெரியுமே. கொட்டில் என் பொறுப்பு என்பதால் கண் மூட நேரமில்லை, ஒவ்வொன்றுக்கும் வெதுவெதுப்பாக உப்புச்சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதும் வைக்கோலை மாற்றுவதுமாக முதுகு கழன்றுவிட்டது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு மாட்டுக்கு வருகிற கொரோனாவாக இருக்கும் என்றதும் பால் வண்டிக்காரர் முகக்கவசத்தைத் தேடி ஓடினார், அவரைப் பிடித்து உட்காரவைத்து, இது நம்மை ஆட்டிவைத்தது இல்லைங்க, மாடுகளோட ரொம்ப காலமா ஒட்டிக்கிட்டிருக்கிற வேற வகை என்று டாக்டரம்மா புரியவைப்பதற்குள் பால் திரிந்துவிடும்போல் இருந்தது. சாணத்தைப் புட்டியில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து, ஒரு ராத்திரி நம் வீட்டில் வைத்திருந்து, மறுநாள் பரிசோதனைக்கு அனுப்பினோம். வந்த முடிவுதான் எங்களைக் குழப்பிவிட்டது. வைரஸின் ஆர்.என்.ஏ. ஒரு நீளமான இழையாம், அதில் முன்பக்கம் ஒரு இடத்தையும் வால் பக்கம் ஒரு இடத்தையும் தேடி அளந்திருந்தார்கள். ஒரே இழை என்றால் இரண்டும் ஏறக்குறைய சமமாகத்தானே இருக்க வேண்டும், வால் பக்கம் மட்டும் பல மடங்கு கூடுதலாக இருந்தது. சூட்டுல இழை உடைஞ்சு போயிருக்கும், மறுபடி எடுத்து அனுப்பலாம் என்றார் டாக்டரம்மா. நான் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன், குளிர்ந்த தண்ணீருக்கு ஆசைப்பட்டு அந்தப் பெட்டியை நீங்கதான் திறந்து திறந்து மூடியிருப்பீங்க என்று. அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. இரண்டாவது தடவை பெட்டியை நானே மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன், அப்போதும் அதே முடிவு. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டே சாப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் உன்னை வீடியோவில் கூப்பிட்டேன். நான் புலம்பி முடிப்பதற்குள் நீ சிரித்துவிட்டாய். அம்மா, உன் புட்டியில ஒரு தப்பும் இல்ல, நான் இங்க உட்கார்ந்து பார்க்கறதே அதைத்தான் என்றாய். அப்பாவோட தையல் அளவு டேப்பை எடுத்து மேஜை மேல நீட்டிப் போடு என்று நீ சொன்னபோது இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேதான் போட்டேன். நீ சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. முழு டேப்பும் வைரஸின் இழை. மாட்டின் குடல் செல் அதை முன்பக்கத்திலிருந்து வாசித்து, முதலில் இருக்கிற விஷயத்தை முடித்ததும் நிறுத்திவிடுமாம். பின்னால் எழுதியிருப்பதெல்லாம் அதன் கண்ணில் படாது. ஆனால் வைரஸுக்குச் சட்டை தைக்கிற பொருளெல்லாம் பின்னால்தான் இருக்கிறது. அதற்காக அது குட்டிக் குட்டிச் சேதிகளாகப் பிரதி எடுத்துக்கொள்கிறது. பிரதி எடுப்பது வால் நுனியில் ஆரம்பித்து முன்பக்கத்தைப் பார்த்து வருமாம், நடுநடுவே சின்ன அடையாளங்கள் இருக்குமாம், ஏதாவது ஒரு அடையாளத்துக்கு வந்ததும் நடுவில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே தாவாகத் தாவி டேப்பின் முதல் இன்ச்சில் போய் விழுந்து அதையும் எழுதி முடிக்குமாம். அப்படி எழுதினது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாறித்தான் இருக்குமாம், அதை வைத்து நேரான சேதியை மறுபடி எழுதிக்கொள்ளுமாம். எந்த அடையாளத்தில் தாவியது என்பதைப் பொறுத்து ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஆனால் எல்லாவற்றுக்கும் தலையில் அதே முதல் இன்ச், முடிவில் அதே வால். முதல் இன்ச் எதுக்குடி என்று நான் கேட்டதற்கு, நீ வாளியை ரெண்டு தட்டு தட்டினாத்தானே கன்னுக்குட்டி தலையைத் தூக்கும், அந்த மாதிரி, அது இருந்தாத்தான் செல் அந்தச் சேதியை ஏறெடுத்துப் பார்க்கும் என்றாய். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

அப்பா டேப் பக்கம் குனிந்தார். தையல்காரர் அல்லவா, அப்போ நடுவுல வெட்டிட்டு ரெண்டு பக்கத்தையும் ஒட்டுப் போடுது, அவ்வளவுதானே என்றார். நீ இல்லப்பா, கத்தரிக்கோலே கிடையாது, ஊசி நூலும் கிடையாது, அசல் டேப்ல ஒரு கீறல்கூட விழாது, எழுதிக்கிட்டு வரும்போதே தாவிடுது என்றாய். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்கத் துணியை வெட்டாமல் ஒரு சட்டையும் தைத்ததில்லை அவர். வெட்டாமயா, வெட்டாமயா என்று எத்தனை தடவை கேட்டார் என்று தெரியாது. பிறகு அவராகவே டேப்பின் மேல் விரலை வைத்து, அப்படின்னா முதல் இன்ச்சைத் தாண்டின முன்பக்கம் முழு டேப்புல மட்டும்தான் இருக்கும், வால் எல்லாக் குட்டித் துண்டுலயும் இருக்கும், அதான் வால் கணக்கு எகிறியிருக்கு, நான் பெட்டியைத் திறக்கல என்று என்னைப் பார்த்தார். நீ கைதட்டினாய். டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவரும் நெற்றியில் தட்டிக்கொண்டார், படிச்சதுதான், இந்த நேரத்துல தோணவே இல்ல பாருங்க என்றார்.

கன்றுகள் எப்படி இருக்கின்றன என்று கேட்பாய். நெற்றியில் சுட்டி இருந்த ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை, மற்றதெல்லாம் தேறி வாளியை முட்டித் தள்ளுகின்றன. இப்போதெல்லாம் கொட்டிலில் நிற்கும்போது, கண்ணுக்கே தெரியாத ஒன்று, மூளை கிடையாது, கை கிடையாது, யாரும் சொல்லிக்கொடுத்ததும் கிடையாது, இருந்த இருப்பில் இப்படித் தாவித் தாவி எழுதுகிறதே என்று எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. என் கன்றைக் கொன்ற பாவியைப் பார்த்து வியப்பது சரியா என்றுகூடத் தெரியவில்லை, ஆனால் வியப்பாகத்தான் இருக்கிறது சுண்டு, கோபமும் இருக்கிறது, இரண்டும் ஒரே மனதில்தான் இருக்கின்றன. அன்றைக்கு நான் கடைசியாக ஒன்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா, ஒரு தடவை ஒரு அடையாளத்தில் தாவுகிறது, இன்னொரு தடவை அதே அடையாளத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிறது, எங்கே தாவணும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள் என்று. நீ சட்டென்று திரைக்குப் பக்கத்தில் வந்தாய். அதும்மா, அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதும்மா, அதைத்தான் அடுத்த மூணு வருஷம் என்று ஆரம்பித்து, சரி விடும்மா, உன் முதுகுவலி எப்படி இருக்கு என்று மாற்றிவிட்டாய். நான் உன்னைப் பெற்றவள். அந்த ஒரு நொடியில் உன் முகத்தில் என்ன இருந்தது, அது எப்படி அணைந்தது என்று எனக்குத் தெரியாமல் போகுமா.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் அப்பா பழைய தேய்ந்த டேப்புகளையெல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஊசியில் நூல் கோத்துக் கொடு என்றார். கை விழுந்ததிலிருந்து அவர் ஊசியைத் தொட்டதே இல்லை. நான் கோத்துக் கொடுத்தேன். எனக்கு வெட்டத்தான் தெரியும், அந்த வைரஸுக்கு அந்தக் கஷ்டம் இல்ல என்று முனகிக்கொண்டே, ஒவ்வொரு வால் துண்டோடும் ஒரு முதல் இன்ச்சைச் சேர்த்து, அரைகுறையாக அசைகிற அந்த வலது கையாலேயே தைத்தார். மதியம் வரை ஆயிற்று. தையல் அத்தனையும் கோணல், இதே கையா ஒரு காலத்தில் அப்படித் தைத்தது என்று நான் அடுப்படியில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு தினமும் எதையாவது எடுத்துத் தைத்துக்கொண்டுதான் இருக்கிறார், நேற்று என் ரவிக்கைக்கு ஊக்கு வைத்தார், தலைகீழாக வைத்தார், நான் அப்படியே போட்டுக்கொண்டேன்.

அதனால் கேள். போன கடிதத்தில் எழுதியதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், அவரைக் குளிக்கவைக்கும்போது இன்னும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது, உன்னைப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. பகலில் வந்து துணையாக இருக்கச் சித்தி ஒத்துக்கொண்டிருக்கிறாள், அவள் வாயை அப்பா தாங்குவாரா என்பதுதான் சந்தேகம். நீ கையெழுத்துப் போடு. எங்கே தாவணும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்து எனக்குச் சொல்லு, எனக்கும் தெரிய வேண்டும். ஹீட்டரைக் கொட்டிலிலேயே விட்டுவிடச் சொல்லிவிட்டேன்.

தலைக்கு எண்ணெய் வை, ராத்திரியில் தனியாக நடந்து வராதே, பல் வலியைத் தள்ளிப்போடாதே. எடுத்த காரியம் உன் கையில் நல்லபடியாகக் கூடிவரட்டும், நோய்நொடி உன் பக்கம் எட்டிப்பார்க்காமல் இருக்கட்டும். உறைக்குள் அப்பா தைத்ததில் ஆகக் குட்டைத் துண்டை வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. அளவு சரியா பார்த்துச் சொல்லச் சொல்லு, சரியில்லன்னா பிரிச்சுத் தைக்கிறேன், எனக்கு இப்போ முடியும் என்று சொல்லச் சொன்னார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா